வீட்டு மதிப்பு ஏறியும் பள்ளியில் பற்றாக்குறை ஏன்? டெக்சஸ் கணக்கு

டல்லாஸுக்கு வடக்கே குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பதினோரு வருடத்தில் என் வீட்டு மதிப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வரி பில்லில் பெரிய தொகை ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குத்தான். மாநில அரசோ, கல்விக்கு இதுவரை இல்லாத அளவு செலவு செய்கிறோம் என்கிறது. ஆனால் டிஸ்ட்ரிக்ட் பற்றாக்குறை என்று சொல்லி என் மகள் படிக்கும் எலிமென்ட்ரி பள்ளியை மூடப் பார்க்கிறது. நவம்பரில் வரி விகிதத்தைக் கூட்டவும் ஓட்டுக் கேட்கப் போகிறார்கள். யார் பொய் சொல்கிறார்கள்?" இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: மதிப்பு ஏறியதால் நான் கூடுதலாகக் கட்டிய பணம் பள்ளிக்குள் போனதா, இல்லையா? பெரும்பாலும் போகவில்லை. அதற்காக யாரும் பொய் சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் வேறுவேறு கணக்கைச் சொல்கிறார்கள்.

நான் இந்தப் பகுதியில் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் (அரசுப் பள்ளிகளை நடத்தி, அதற்கு வரியும் வாங்கும் உள்ளூர் அமைப்பு) நிதிப் பிரிவில் பதினைந்து ஆண்டு பட்ஜெட் வேலை பார்த்தவன். சட்டம் படித்தவன் அல்ல. உங்கள் டிஸ்ட்ரிக்டின் கணக்கையும் நான் பார்த்ததில்லை. ஆகவே பணம் எந்த வழியில் ஓடுகிறது என்பதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் பள்ளியை மூடுவது பற்றி வரும்போது, எது ஊகம் என்று சொல்லிவிட்டே சொல்கிறேன்.

டெக்சஸில் ஒரு டிஸ்ட்ரிக்டுக்கு அடிப்படையாக எவ்வளவு பணம் சேர வேண்டும் என்பதை உங்கள் வீட்டு மதிப்பு தீர்மானிப்பதில்லை. மாநிலச் சட்டமன்றம் தீர்மானிக்கிறது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று சட்டத்தில் ஒரு தொகை உண்டு. பேசிக் அலாட்மென்ட் என்பார்கள். அதைத் தினசரி வருகையின் சராசரியால் பெருக்கி, ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள், சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகள் ஆகியோருக்குக் கொஞ்சம் கூட்டினால், டிஸ்ட்ரிக்டுக்கு உரிய தொகை வரும். அதில் உள்ளூர் வீட்டு வரி எவ்வளவு கொடுக்கிறதோ அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டுமே மாநிலம் தருகிறது.

ஓர் அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கோடு போட்டிருக்கிறது. தண்ணீர் அதுவரைதான் நிற்கும். மேலே இரண்டு குழாய்: ஒன்று உங்கள் வரி, இன்னொன்று மாநிலம். உங்கள் குழாயில் தண்ணீர் வேகமாக வந்தால் மாநிலம் தன் குழாயை அந்த அளவுக்கு மூடிக்கொள்ளும். டிஸ்ட்ரிக்டுக்கு உரியது 10 கோடி டாலர் என்று வைப்போம். சென்ற ஆண்டு வீட்டு வரியில் 6 கோடி வந்தது, மாநிலம் 4 கோடி தந்தது. இந்த ஆண்டு வீட்டு மதிப்பெல்லாம் ஏறி 7 கோடி வந்தால் மாநிலம் தருவது 3 கோடி. ஊர்க்காரர்கள் ஒரு கோடி கூடுதலாகக் கட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கு ஒரு காசுகூடக் கூடவில்லை. மிச்சமானது மாநிலத்தின் பெட்டியில்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் என்று நினைவு. ஒரு பெரியவர் அப்ரைசல் நோட்டீஸை, அதாவது வரிக்காக வீட்டு மதிப்பைச் சொல்லும் கடிதத்தை, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் கவுண்டருக்கு வந்தார். மதிப்பு ஏறிய இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். "இவ்வளவு வாங்குகிறீர்கள், என் பேத்தி வகுப்பில் ஏன் உதவி ஆசிரியரை எடுத்துவிட்டீர்கள்?" என்று கேட்டார். அவர் நோட்டீஸின் பின்பக்கத்திலேயே இந்த 10, 6, 4 கணக்கை எழுதிக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "அப்படியானால் நான் யாருக்குக் கட்டினேன்?" என்றார். உங்கள் கேள்வியைப் படித்ததும் அவர்தான் நினைவுக்கு வந்தார்.

உள்ளூர் வரி அந்தக் கோட்டையும் தாண்டி வந்தால், தாண்டியதை மாநிலத்திடம் கட்டிவிட வேண்டும். இதுதான் ரீகேப்சர், பேச்சு வழக்கில் ராபின் ஹூட். இதைத் திட்டாத வீட்டுக்காரர் இங்கே குறைவு. ஆனால் அது வந்த கதையைத் தெரிந்துகொண்டு திட்டுவதே நியாயம். 1968இல் சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அந்த ஊரிலேயே அதிக வரி விகிதம் அவர்களுடையதுதான்: நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர். அப்படிக் கட்டியும் உள்ளூர் வரியில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். அதே ஊரின் பணக்காரப் பகுதியான அலமோ ஹைட்ஸில் விகிதம் வெறும் 85 சென்ட். ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 333 டாலர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பெற்றோர் தோற்றார்கள். கூட்டாட்சி அரசியல் சட்டத்தில் கல்வி அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்பு. பிறகு மாநில அரசியல் சட்டத்தை வைத்து வழக்காடி, 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அனைவரின் ஒருமித்த தீர்ப்போடு ஜெயித்தார்கள். அதன் விளைவாக 1993இல் வந்ததுதான் ரீகேப்சர். அதை எடுத்துவிட்டு வேறொன்றும் வைக்காவிட்டால் 26 டாலரும் 333 டாலரும் திரும்பி வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வருவது வேறோர் இடத்தில். ரீகேப்சராகப் போகும் பணம் ஏழை டிஸ்ட்ரிக்டுக்குத்தான் போகிறதா? சட்டப்படி அது பள்ளிகளுக்கான மாநில நிதியில் சேர்கிறது. அதை வேறு துறைக்கு எடுக்க முடியாது. ஆனால் அது வந்து சேர்ந்ததால் ஏழை டிஸ்ட்ரிக்டின் அண்டாவில் கோடு உயர்வதில்லை. மாநிலம் தன் பொது வருவாயிலிருந்து போட வேண்டியது குறைகிறது, அவ்வளவுதான். ஆஸ்டின் டிஸ்ட்ரிக்ட் மட்டும் ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் கட்டுகிறது. அங்கேயும் ஆண்டு தவறாமல் பற்றாக்குறை. ரீகேப்சரை ஏழைப் பள்ளிக்குப் பணக்காரப் பள்ளி செய்யும் உதவி என்று சொல்வதும், மாநிலம் அடிக்கும் கொள்ளை என்று சொல்வதும் பாதி உண்மைதான். பணத்தில் பெயர் எழுதியிருப்பதில்லை. எந்த டாலர் எங்கே போனது என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது.

இனி அந்தக் கோட்டின் கதை. என் கணக்கில் பற்றாக்குறையின் வேர் இங்கேதான். 2019இல் பேசிக் அலாட்மென்டை 5,140 டாலரிலிருந்து 6,160 டாலராக உயர்த்தினார்கள். நல்ல உயர்வு. அதன்பின் கொரோனா வந்தது, விலைவாசி ஏறியது, பஸ் டிரைவர் கிடைப்பது குதிரைக்கொம்பானது, காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. 6,160 அப்படியே நின்றது. டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள்தான் கூடும். 2023இல் கூடியபோது மாநிலத்தின் கையில் 3,270 கோடி டாலர் உபரி இருந்தது. ஆனால் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு பணம் தரும் திட்டத்தோடு பள்ளி நிதி உயர்வையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். நான்கு சிறப்புக் கூட்டங்கள் நடந்தும் முடிச்சு அவிழவில்லை; உயர்வும் வரவில்லை. 2025இல்தான் வந்தது: 55 டாலர். 6,215. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 2019இலிருந்து பொது விலைவாசி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. அதற்கு ஈடு கட்ட வேண்டுமென்றால் அந்த எண் 7,700 டாலர் பக்கத்தில் இருக்க வேண்டும். நியாயமாகச் சொன்னால், 2025 சட்டம் சுமார் 850 கோடி டாலர் கொடுத்தது. அதில் ஏறக்குறைய பாதியை ஆசிரியர், ஊழியர் சம்பளத்துக்கென்று ஒதுக்கியது: பெரிய டிஸ்ட்ரிக்டில் மூன்று நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு 2,500 டாலர், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 5,000. ஆசிரியர்களுக்கு அது கட்டாயம் போக வேண்டிய பணம். ஆனால் அது வந்த வழியே ஆசிரியர் கைக்குப் போய்விடும். ஏற்கெனவே இருந்த பள்ளத்தை அதால் நிரப்ப முடியாது.

அப்படியானால் "இதுவரை இல்லாத அளவு" என்று மாநிலம் சொல்வது? அதுவும் உண்மை. 2019இலிருந்து மாநிலம் உள்ளூர் வரி விகிதத்தைக் குறைக்கச் சொல்லி, குறைந்ததைத் தன் பணத்தால் ஈடுகட்டுகிறது. முன்பு நடைமுறைச் செலவுக்கான விகிதம் பல இடங்களில் நூறு டாலருக்கு 1.04, சில இடங்களில் 1.17 டாலர். இன்று பெரும்பாலும் 60 முதல் 80 சென்டுக்குள். ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் ஸ்கூல் வரி போடாமல் விடும் பகுதி) 2023 நவம்பரில் 40 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சமானது. 2025 நவம்பரில் 1,40,000 ஆனது. இந்த ஈட்டுத்தொகை எல்லாம் மாநிலக் கணக்கில் கல்விச் செலவு என்றுதான் ஏறும். வீட்டுக்காரருக்குக் கிடைத்த சலுகை அது; வகுப்பறைக்கு வந்த பணம் அல்ல. உங்கள் பழைய பில்களை எடுத்து, நகரம், கவுண்டி, காலேஜ் டிஸ்ட்ரிக்ட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்கூல் வரியை மட்டும் வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் 2022 வரை ஏறி, 2023இல் இறங்கியிருக்கும். உங்கள் மதிப்பு இரண்டு மடங்கானது உண்மை. ஸ்கூல் வரி இரண்டு மடங்காகியிருக்க வாய்ப்பில்லை. இதை நீங்கள் பார்த்துக்கொள்வது முக்கியம். இல்லையென்றால் கோபம் தவறான வாசலில் போய் நிற்கும்.

ஒரு டிஸ்ட்ரிக்டின் பட்ஜெட்டில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சம்பளம். ஆகவே பணம் குறைந்தால் ஆள் குறைய வேண்டும். வேறு வழி கிடையாது. 2011இல் சட்டமன்றம் பள்ளி நிதியில் 540 கோடி டாலரை வெட்டியபோது நான் பணியில் இருந்தேன். முதலில் நாங்கள் செய்தது, ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டது. எக்செல் ஷீட்டில் ஒரு வரிசையைப் பழுப்பு நிறமாக்குவோம், அவ்வளவு எளிது. அந்த வரிசை ஒரு நூலகர். அடுத்தது, வாசிக்கத் திணறும் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர். சட்டப்படி நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 22 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. விதிவிலக்குக்கு மனுப் போட்டால் கிடைக்கும். போட்டோம். ஆகஸ்டில் ஒரு பள்ளிக்குப் போனபோது இரண்டாம் வகுப்பில் 26 நாற்காலி போட்டிருந்தார்கள். கடைசி நாற்காலிக்கு மேசையில் இடமில்லாமல், கதவோரம் ஒரு குட்டி மேசையைத் தனியாக வைத்து, ஒரு பிள்ளையின் பெயரை அழகாக எழுதி ஒட்டியிருந்தார் டீச்சர். 22க்கு மேல் நான்கு பிள்ளைகள்; ஆபீஸ் ஷீட்டில் அது வெறும் 0.18 என்று இருந்தது. அந்த வெட்டை எதிர்த்து அறுநூறுக்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்டுகள் வழக்குப் போட்டன. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தும் 2016இல் மாநில உச்ச நீதிமன்றம், பள்ளி நிதி முறை குறையுள்ளதுதான், ஆனாலும் அரசியல் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தைத் தொடுகிறது என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து நீதிமன்ற வாசல் கிட்டத்தட்ட அடைபட்டதுதான்.

இப்போது உங்கள் மகளின் பள்ளி. இந்த இடத்தில் முழுப் பழியையும் மாநிலத்தின் மேல் போட என் மனம் ஒப்பவில்லை. டல்லாஸைச் சுற்றியுள்ள டிஸ்ட்ரிக்டுகளில் பிளேனோ நான்கு பள்ளிகளை மூட 2024 ஜூனில் முடிவெடுத்தது. கப்பெல் ஒன்றை, லூயிஸ்வில் ஐந்தை அதே ஆண்டில். மூன்றும் நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடங்கள். மூன்றிலும் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது. வீட்டு விலை ஏறியதால் சிறு குழந்தை உள்ள இளம் குடும்பங்கள் இன்னும் வடக்கே, செலினா, ப்ராஸ்பர் என்று போய்விடுகின்றன. பழைய தெருக்களில் பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்ட பெற்றோர் மட்டும் இருக்கிறார்கள். 600 பேருக்குக் கட்டிய பள்ளியில் 330 பேர் என்றாலும் ஒரு பிரின்சிபல், ஒரு நர்ஸ், ஒரு சமையலறை, ஒரு ஏசி வேண்டும். பேசிக் அலாட்மென்ட் விலைவாசியோடு ஏறியிருந்தாலும் சில பள்ளிகள் மூடத்தான் பட்டிருக்கும். ஆனால் இவ்வளவு அவசரமாக, ஒரே ஆண்டில் நாலு, அஞ்சு என்று மூடியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். நிரூபிக்க முடியாது. கொரோனாவுக்காக வந்த மத்திய அரசு நிதி 2024 செப்டம்பரோடு முடிந்ததும் இதில் சேர்ந்துகொண்டது.

நடுவே ஒன்று. பணம் பள்ளியில் பேர் கொடுத்திருக்கும் பிள்ளைக்கு அல்ல, வந்து உட்காரும் பிள்ளைக்கு. 6,215 டாலரைச் சுமார் 175 பள்ளி நாளால் வகுத்தால் நாளுக்கு 35 டாலருக்கு மேல். ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வருகிறோமே, பதினைந்து பள்ளி நாள், ஐந்நூறு டாலருக்கு மேல். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தாத்தா பாட்டியைப் பார்க்கத்தான் வேண்டும். பள்ளி விடுமுறையோடு சேர்த்துத் திட்டமிட முடிந்தால் அந்தப் பள்ளிக்கு உதவி.

"காசில்லை என்கிறார்கள், ஸ்டேடியம் மட்டும் கட்டுகிறார்களே" என்று அடுத்து கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். ஆலனில் 6 கோடி டாலரில் 18 ஆயிரம் பேர் உட்காரும் உயர்நிலைப் பள்ளி ஸ்டேடியம் 2012இல் திறந்தது. அது பாண்ட் பணம், அதாவது கடன் பத்திரம் விற்றுத் திரட்டியது. உங்கள் ஸ்கூல் வரிக்குள் இரண்டு பகுதி உண்டு. ஒன்று நடைமுறைச் செலவுக்கு, இன்னொன்று கடனை அடைக்க. கட்டடத்துக்கென்று வாக்காளர் ஒப்புக்கொண்டு வாங்கிய கடனில் ஒரு டாலரைக்கூட டீச்சர் சம்பளத்துக்கு எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. கடன் பகுதிக்கு ரீகேப்சரும் கிடையாது. கட்டுவது முழுவதும் ஊரிலேயே நிற்கும். அதனால்தான் பணக்கார டிஸ்ட்ரிக்டில் கட்டடம் பளபளக்க, உள்ளே ஆள் குறைகிறது. ஸ்டேடியம் வேண்டுமா என்று கேட்பது சரியான கேள்வி. அதை விற்று டீச்சரை வைத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் நடக்காது.

நவம்பர் ஓட்டு பற்றி. அடிப்படை விகிதத்துக்கு மேல் 17 சென்ட் வரை டிஸ்ட்ரிக்ட் கூட்டிக்கொள்ளலாம். ஓர் அளவுக்கு மேல் போனால் உங்கள் ஓட்டு வேண்டும். அந்த 17இல் முதல் எட்டைத் தங்க பென்னி என்கிறோம். ரீகேப்சர் அதைத் தொடாது. மீதி ஒன்பது செம்பு பென்னி. பணக்கார டிஸ்ட்ரிக்ட் என்றால் அதில் ஒரு பங்கு மாநிலத்துக்குப் போகும். 2024 நவம்பரில் ஆஸ்டின் 9.1 சென்ட் கூட்ட மக்கள் சம்மதித்தார்கள். அதில் வரும் சுமார் 17 கோடி டாலரில் ஏறக்குறைய 4 கோடி ரீகேப்சருக்கு. அதே நாளில் ஃப்ரிஸ்கோவில் மூன்று சென்டுக்கும் குறைவான உயர்வைக்கூட மக்கள் நிராகரித்தார்கள். ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் டிஸ்ட்ரிக்டிடம் முதலில் கேட்பது: நீங்கள் கேட்பதில் எத்தனை தங்கம், எத்தனை செம்பு? தங்கம் இன்னும் மிச்சமிருந்தால் நான் சம்மதிப்பேன். அண்டாவின் கோட்டை உள்ளூரில் உயர்த்த இருக்கும் ஒரே வழி அது. விலக்கு போக நாலு லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு மூன்று சென்ட் என்றால் ஆண்டுக்கு 120 டாலர். வீடு இரண்டு சம்பளத்தில் ஓடுகிறவருக்கு அது சமாளிக்கக்கூடிய தொகை. ஒரே சம்பளத்தில் எச்ச சொச்சமில்லாமல் போகும் வீட்டுக்கு அது அப்படியல்ல. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் நான் குறை சொல்ல மாட்டேன். கூடவே பாண்டுக்கும் ஓட்டுக் கேட்டால், அந்த வாக்குச்சீட்டில் "இது சொத்து வரி உயர்வு" என்று பெரிய எழுத்தில் இருக்கும். விகிதம் ஏறாவிட்டாலும் 2019 சட்டப்படி அப்படித்தான் அச்சிட வேண்டும். அதைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

அப்ரைசலை எதிர்த்து மனுப் போட்டால் பள்ளிக்கு நஷ்டமா என்று நம் ஆட்கள் தயங்குகிறார்கள். மேலே சொன்ன அதே காரணத்தால், பெரும்பாலும் இல்லை. உங்கள் குழாயில் குறைந்ததை மாநிலக் குழாய் நிரப்பும். கடன் பகுதியில் மட்டும் சிறிது குறையும். தாராளமாகப் போடுங்கள், பொதுவாக மே 15 கடைசி நாள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், இன்னும் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பதாகவும் ஓட்டு இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வரி கட்டுகிறவருக்கு ஓட்டு இல்லை என்பது எனக்கும் பல வருடம் உறுத்தியது. நானும் அந்த வரிசையில் பதின்மூன்று ஆண்டு நின்றவன். ஆனால் டிஸ்ட்ரிக்டை நடத்தும் ஸ்கூல் போர்டின் கூட்டத்தில் பேச குடியுரிமை யாரும் கேட்பதில்லை. முன்கூட்டியே பெயர் கொடுத்தால் சில நிமிடம் கிடைக்கும். பட்ஜெட் நிறைவேறும் முன் பொது விசாரணை நடத்தியே ஆக வேண்டும். ஜூனிலோ ஆகஸ்டிலோ வரும், நான் பார்த்தவற்றில் பாதி நாள் நாற்காலிகள் காலி. ஒரு முறை ஒரு தமிழ் அம்மா வந்தார். மகனுக்கு டைப் ஒன் சர்க்கரை. இரண்டு பள்ளிக்கு ஒரு நர்ஸ் என்று ஆக்கும் வரிசை அன்றைய ஷீட்டில் இருந்தது. அவர் குரல் நடுங்க, மகனின் இன்சுலின் பையை மேசையில் வைத்து, மதியம் 11.40க்கு அவனுக்கு ஊசி யார் போடுவார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை அந்த வரிசையைத் திரும்ப வெள்ளையாக்கச் சொல்லி எனக்கு மெயில் வந்தது. அதற்கான பணத்தை வேறோர் இடத்திலிருந்து எடுத்தோம். அந்த இடத்துக்காகப் பேச அன்று யாரும் வந்திருக்கவில்லை.